வளர்ச்சியும் தற்கொலையும்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் விவசாயிகள் கூட்டங்களிலும், ஆசிரியர்களோடும் கிராம சுகாதார செவிலியர்களோடும் பேசும்போதும் திரும்பத் திரும்ப எழுகின்ற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் மனமே கனத்துப் போயிருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணில் பேசுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஒரு நாடு பொருளாதாரத்தில் முன்னேறினால் தற்கொலைகள் குறையுமா, கூடுமா?

இரண்டும் நடந்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். இதை மட்டும் பார்த்தால் வறுமைதான் காரணம் என்று தோன்றும். ஆனால் உலக மக்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்வதே அந்த நாடுகளில்தான். லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால், 2019இல் உலக சராசரி 9 ஆக இருந்தபோது பணக்கார நாடுகளின் சராசரி 10.9 ஆக இருந்தது.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இலேயே இந்தப் புதிரைக் கவனித்தார். பொருளாதார நெருக்கடியில் தற்கொலை கூடுவது யாரும் எதிர்பார்ப்பதே. திடீர்ச் செழிப்பு வந்த காலங்களிலும் அது கூடியதையும், அன்றைய அயர்லாந்து போன்ற ஏழைப் பகுதிகளில் அது குறைவாக இருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒரு மனிதர் எதை எதிர்பார்க்கலாம், எதோடு நிறைவடையலாம் என்று ஊரும் உறவும் வகுத்து வைத்திருந்த எல்லைகள் திடீரெனக் கலையும்போது, வருமானம் ஏறினாலும் இறங்கினாலும் மனிதர்கள் நிலைகுலைகிறார்கள் என்பது அவருடைய விளக்கம்.

நம் காலத்துக்கு வந்தால், தென் கொரியாவையும் சீனாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். தென் கொரியாவில் 1990ஐ ஒட்டி லட்சத்துக்குப் பத்துக்கும் குறைவாக இருந்த விகிதம் 2011இல் 31ஐத் தாண்டியது. அந்த இருபது ஆண்டுகளில்தான் அந்த நாடு பணக்கார நாடாக மாறியது. சீனாவில் 1990களின் பிற்பகுதியில் சுமார் 23 ஆக இருந்த விகிதம், அந்த நாடு வேகமாக வளர்ந்த அதே ஆண்டுகளில் தொடர்ந்து சரிந்து பத்துக்கும் கீழே வந்தது. கொரியாவில் சேமிப்பையெல்லாம் பிள்ளைகளின் படிப்பில் போட்ட தலைமுறை முதுமையடைந்தபோது, பிள்ளைகள் பெற்றோரைத் தாங்கும் வழக்கம் தளர்ந்திருந்தது. 1988இல்தான் தொடங்கிய தேசிய ஓய்வூதியம் அவர்களுக்குப் போதுமானதாக இல்லை. உயிரிழந்தவர்களில் முதியோர் மிகுதியாக இருந்தார்கள். சீனாவில் கிராமத்து இளம்பெண்கள் பெருமளவில் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். புகுந்த வீட்டு நெருக்கடியிலிருந்தும் கையெட்டும் தூரத்தில் பூச்சிமருந்து இருந்த வீட்டிலிருந்தும் அவர்கள் விலகியது அந்தச் சரிவுக்கு முக்கியமான காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே எவ்வளவு வளர்ச்சி என்பதைவிட, அந்த வளர்ச்சி யாருடைய தலையில் இழப்பை ஏற்றுகிறது, யாரை நெருக்கடியிலிருந்து வெளியே கொண்டுவருகிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

தமிழ்நாடு முன்னேறிய மாநிலம். பிறகு ஏன் பீகாரைவிட இங்கே தற்கொலை அதிகம்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியா முழுவதும் பதிவான தற்கொலைகள் 1,70,924, லட்சத்துக்கு 12.4. தமிழ்நாட்டில் 19,834, லட்சத்துக்கு 25.9. கல்வியிலும் மருத்துவத்திலும் நாம் முன்மாதிரியாகப் பேசும் கேரளத்தில் 28.5. தனிநபர் வருமானத்தில் நாட்டிலேயே மிகவும் பின்தங்கிய பீகாரில் 0.6.

இந்த இடைவெளியில் ஒரு பகுதி பதிவுமுறையின் வேறுபாடு. தமிழ்நாட்டில் ஒரு மரணம் காவல் நிலையத்துக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் போய்ச் சேரும் வாய்ப்பு பீகாரைவிட மிக அதிகம், 0.6 என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் காவல்துறைக் கணக்கை நம்பாமல் வீடு வீடாகச் சென்று திரட்டப்பட்ட மரண விவரங்களும் தென்மாநிலங்களில் விகிதம் கூடுதல் என்றே காட்டியிருக்கின்றன. எனவே வேறுபாடு உண்மையானது. அறிக்கை காட்டும் அளவுக்குப் பெரியதல்ல என்று கொள்ளலாம்.

மற்றொரு பகுதி கடன். 2019இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்திய விவசாயக் குடும்பங்களில் 50.2 சதவீதம் கடன்பட்டவை, சராசரிக் கடன் ரூ.74,121. தமிழ்நாட்டில் 65.1 சதவீதம், சராசரி ரூ.1,06,553. வங்கிக் கிளையும் கூட்டுறவுச் சங்கமும் நகைக்கடன் நிறுவனமும் ஊருக்கு ஊர் இருக்கும் மாநிலத்தில்தான் இவ்வளவு கடன் வாங்க முடியும். கடன் கிடைப்பது வளர்ச்சியின் அடையாளமே. பிள்ளையின் பொறியியல் படிப்பும், காங்கிரீட் வீடும், ஆழ்துளைக் கிணறும் அந்தக் கடனில்தான் வந்தன. ஆனால் கடன் ஒவ்வொரு மாதமும் ஒரே சீராகத் திரும்பக் கேட்கிறது. வயலின் வருமானம் அப்படிச் சீராக வருவதில்லை.

அரசுக் கணக்கு உண்மையைக் காட்டுகிறதா?

குறைத்தே காட்டுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி வட்டாரத்தில் ஒவ்வொரு மரணத்தையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தது. 1994 முதல் 1999 வரை அங்கே கிடைத்த தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95. அன்றைய தேசியக் கணக்கைவிடப் பல மடங்கு. இந்தியா முழுவதற்குமாக நடந்த ஒரு மரண ஆய்வு 2010இல் சுமார் 1.87 லட்சம் பேர் தற்கொலையால் இறந்ததாக மதிப்பிட்டது. அதே ஆண்டில் காவல்துறைக் கணக்கு 1,34,599.

அந்தக் கணக்கில் 'காரணம்' என்று பதிவாவதும் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. 'தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தவர்' என்று முதல் தகவல் அறிக்கையிலும் மறுநாள் செய்தித்தாளிலும் வருவதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அலைச்சலையும் அவமானத்தையும் தவிர்க்கக் குடும்பத்தார் சொல்லும் அந்த ஒரு வரிக்குள் கடன், குடி, வரதட்சணை, காதல் எதிர்ப்பு என எது வேண்டுமானாலும் மறைந்திருக்கலாம். 2022 அறிக்கையில் 'குடும்பப் பிரச்சினை' 31.7 சதவீதம், 'நோய்' 18.4 சதவீதம் என்று வரும்போது, அந்தக் குடும்பப் பிரச்சினையில் எவ்வளவு பணப் பிரச்சினை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

'சோழ வளநாடு சோறுடைத்து' என்ற மண்ணில் விவசாயி ஏன் உயிரை விட வேண்டும்?

ஆற்றுத் தண்ணீரை நம்பிப் பழகிய வாழ்க்கை இது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும், குறுவை முடியும், தாளடி போடலாம், இல்லையென்றால் சம்பா ஒரு போகமாவது நிச்சயம் என்ற கால ஒழுங்கின் மீதுதான் வட்டியும் குத்தகையும் கல்யாணத் தேதியும் வகுக்கப்பட்டிருந்தன. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2016இல் செப்டம்பர் 20இலும் 2017இல் அக்டோபர் 2இலும்தான் திறந்தார்கள். 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. கருகிய சம்பாவைப் பார்த்து வயலிலேயே விழுந்து இறந்தவர்கள் பற்றிய செய்திகள் அந்தக் குளிர்காலம் முழுதும் டெல்டாவிலிருந்து வந்தன. மாரடைப்பா, தற்கொலையா, வறட்சிச் சாவா என்று அதிகாரிகளும் சங்கங்களும் வாதாடிக்கொண்டிருந்தபோது, செத்தவருடைய கடன் மட்டும் எந்த விவாதமும் இல்லாமல் அடுத்த மாதத்துக்குப் போனது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16இல், கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரை கடந்தது. நெல்லை நம்ப முடியாமல் தென்னைக்கு மாறியிருந்த பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் ஒரே விடியலில் தோப்புகள் சாய்ந்தன. சாய்ந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வங்கித் தவணைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இயற்கை எல்லோருக்கும் ஒன்றுதான். இழப்பு எல்லோருக்கும் ஒன்றாக விழுவதில்லை. இங்கே கோயில், மடம், வெளியூரில் வாழும் உரிமையாளர் ஆகியோரின் நிலங்களை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து உழுபவர்கள் ஏராளம். 1969ஆம் ஆண்டிலேயே குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கென ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் பெயர் ஏறாத குத்தகைதாரர்களே மிகுதி. சாகுபடிப் பதிவேடான அடங்கலில் பெயர் இல்லாதவருக்குக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. ஆகவே நகையை அடகு வைக்கிறார், அல்லது ஊரில் வட்டிக்கு விடுபவரிடம் போகிறார். நிவாரணம் அறிவிக்கப்பட்டால் அது நில உரிமை ஆவணமான சிட்டாவில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பயிர்க் காப்பீட்டில் இழப்பு வருவாய்க் கிராம அளவில் சராசரியாகக் கணக்கிடப்படுவதால், கடைமடையில் தண்ணீர் எட்டாத வயலுக்கும் வாய்க்கால் தலைப்பில் விளைந்த வயலுக்கும் ஒரே முடிவுதான். அளவு பேசி முடிவு செய்த குத்தகை நெல்லை மட்டும் விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளந்தாக வேண்டும்.

விளைந்த ஆண்டிலும் நிம்மதி இல்லை என்பதை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் பார்க்கலாம். அறுவடை இயந்திரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை பேசி, அறுத்த நெல்லை டிராக்டரில் ஏற்றி வந்து கொட்டியிருப்பார் ஒரு குத்தகை விவசாயி. நெல்லை 40 கிலோ சிப்பங்களாகப் போடத் தன்னுடைய முறை வரும்வரை இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள்; மழை மிகுந்த ஆண்டில் மத்தியக் குழு வந்து பார்த்துத் தளர்வு அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு மழை பெய்யும். தார்ப்பாயை விலக்கிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் நெல் சூடாக இருக்கும்; நாலாம் நாள் முளை கட்டியிருக்கும். அந்த நேரத்தில் பையில் இருக்கும் கைப்பேசி ஒலித்தால் அது பெரும்பாலும் தவணை கேட்கும் அழைப்பாகத்தான் இருக்கும்.

விவசாயிகள் மட்டும்தான் பாதிக்கப்படுகிறார்களா?

இல்லை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2022இல் விவசாயத் துறையில் பதிவான 11,290 தற்கொலைகளில் நிலத்தில் பயிரிடுவோர் 5,207 பேர், விவசாயத் தொழிலாளர்கள் 6,083 பேர். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால், இறந்தவர்களில் 26.4 சதவீதம் தினக்கூலிகள். விவசாயியின் சாவுக்குச் சங்கமும் கட்சியும் குரல் கொடுப்பதைப் போல, நடவு வேலையும் அறுப்பு வேலையும் இயந்திரத்துக்குப் போன பிறகு திருப்பூருக்கோ சென்னைக்கோ கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிய கூலித் தொழிலாளியின் சாவுக்கு யாரும் கொடுப்பதில்லை. அறுவடை இயந்திரம் வந்தது வளர்ச்சிதான்; மாசி மாதத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த கூலி நெல் அதனால் நின்றுபோனதும் அதே வளர்ச்சியின் பகுதிதான். நூறு நாள் வேலை அந்தக் குழியை ஓரளவு நிரப்பியது. கூலி மாதக்கணக்கில் தாமதமாகும்போது அந்த ஓரளவும் போய்விடுகிறது.

மகளிர் குழுக்கடன் நன்மையா, தீமையா?

கந்துவட்டியிலிருந்தும் மீட்டர் வட்டியிலிருந்தும் பெண்களை வெளியே கொண்டுவந்த அளவில் நன்மை. ஆனால் வாராந்திர வசூல் நாளன்று ஒரு தெருவில் நின்று பார்த்தால் அதன் மறுபக்கம் தெரியும். காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பணம் எண்ணும்போது ஒருவருடைய தவணை குறைந்தால் கூட்டம் கலையாது. வசூலிக்க வந்த இளைஞர் பேசாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச வேண்டியதையெல்லாம் மற்ற பெண்களே பேசுவார்கள். 'உனக்காக நாங்க கட்டணுமா அக்கா' என்று நேற்றுவரை குழம்பு வாங்கிப் போனவர் கேட்கிறார். வங்கிக்கு அது கடன் பாக்கி. அந்தப் பெண்ணுக்கு அது தெருவையே இழப்பது. துர்கைம் பேசிய உறவுக் கட்டு, மனிதரைத் தாங்க வேண்டிய அதே கட்டு, இங்கே வசூல் கருவியாக மாறுகிறது.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகள் சிலவற்றைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு அடமானமின்றிக் கொடுக்கும் கடன் குறுங்கடன் ஆகும். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. தகாத சொற்களோ மிரட்டலோ கூடாது. இருமுறை தொடர்ந்து குறித்த இடத்துக்கு வராதவரைத் தவிர மற்றவர்களிடம் வீட்டுக்கு வந்து வசூலிக்கக் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நான்கைந்து நிறுவனங்களில் ஒரே நேரத்தில் கடன் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால், அந்த 'பாதி வருமானம்' என்ற விதி காகிதத்தில்தான் இருக்கிறது என்று தெரியும்.

பெண்கள் படித்து வேலைக்குப் போனால் அவர்களிடையே தற்கொலை குறைய வேண்டுமே?

சீனாவில் குறைந்தது. இந்தியாவில் 2016இல் உலகின் பெண் தற்கொலைகளில் 36.6 சதவீதம் நிகழ்ந்தது. தமிழ்நாடு விகிதம் கூடிய மாநிலங்களில் ஒன்றாக இருந்தது. 2022இல் இறந்தவர்களில் 25,309 பேர் இல்லத்தரசிகள். கணியம்பாடி ஆய்வில் பத்து முதல் பத்தொன்பது வயதுள்ள பெண்களின் விகிதம் அதே வயது ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நம் பெண் பட்டப்படிப்பு முடிக்கிறாள், கைப்பேசியில் உலகத்தைப் பார்க்கிறாள். யாரைத் திருமணம் செய்வது, சம்பளம் யார் கையில் போவது, பிறந்த வீட்டுக்கு எப்போது வருவது என்பதை மட்டும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். படிப்பு வளர்ந்த வேகத்தில் வீட்டுக்குள் அதிகாரம் பகிரப்படவில்லை. இதை 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை' என்று சொல்லித் தள்ளுவதை நான் ஏற்கவில்லை.

பொருளாதார நெருக்கடி வந்தால் தற்கொலை கூடியே தீருமா?

கூடும் வாய்ப்பு அதிகம். தவிர்க்க முடியாதது அல்ல. ஆசிய நிதி நெருக்கடியை ஒட்டி ஜப்பானில் 1997இல் 24,391 ஆக இருந்த எண்ணிக்கை மறு ஆண்டே 32,863 ஆனது. 2011 வரை அது முப்பதாயிரத்துக்குக் கீழே வரவில்லை. 2006இல் தற்கொலைத் தடுப்புக்கென ஒரு அடிப்படைச் சட்டம் இயற்றி, அதை நலத்துறையின் தனி வேலையாக விடாமல் அரசு முழுமையின் பொறுப்பாக்கினார்கள். 2012இல் எண்ணிக்கை முப்பதாயிரத்துக்குக் கீழே இறங்கியது. ஐரோப்பிய நாடுகளை ஆராய்ந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, வேலையின்மை ஒரு சதவீதம் கூடினால் 65 வயதுக்குட்பட்டோரின் தற்கொலை 0.79 சதவீதம் கூடுவதாகக் கண்டது. வேலை இழந்தவர்களுக்கு மீண்டும் வேலை தேடித் தரும் திட்டங்களுக்கு அதிகம் செலவிட்ட நாடுகளில் அந்தத் தொடர்பு தளர்ந்திருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது இந்தோனேசியா. நெல் விளையும் அந்த நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டம், தற்கொலையைச் சுமார் 18 சதவீதம் குறைத்தது. மழை பொய்த்த ஆண்டுகளில்தான் அந்தப் பணம் அதிக உயிர்களைக் காத்தது. இந்தியாவிலும், பயிர் வளரும் பருவத்தில் வெப்பம் கூடும் நாட்களோடு தற்கொலை கூடுவதையும், பயிர் இல்லாத மாதங்களில் அந்தத் தொடர்பு இல்லாததையும் 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விளைச்சல் இழப்புக்கும் உயிரிழப்புக்கும் இடையே பணம் ஓர் அணையாக நிற்க முடியும் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் கடன் தள்ளுபடி போதுமா?

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் விவசாயிகள் பயன்பெற்றார்கள். அது பலருக்கு மூச்சு விட இடம் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கூட்டுறவில் கடன் வாங்க முடிந்தவருக்கே அது போய்ச் சேர்ந்தது. வட்டிக்காரரிடம் வாங்கிய குத்தகைதாரருக்கும், குழுவில் வாங்கிய கூலிப் பெண்ணுக்கும் எதுவும் தள்ளுபடியாகவில்லை. குத்தகைதாரரின் பெயரை உரிமையாளருக்கு அச்சம் ஏற்படாத வகையில் பதிவு செய்வதும், காப்பீட்டுத் தொகையை அடுத்த விதைப்புக்கு முன் கொடுப்பதும், கொள்முதல் நிலையத்தில் கூரையும் உலர்த்தும் இயந்திரமும் வைப்பதும் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வராத வேலைகள். எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இவற்றைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பொருளாதாரத்தைச் சரிசெய்யாமல் உயிர்களைக் காக்க முடியாதா?

முடியும். இலங்கையில் 1995இல் விகிதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அந்த நாடு படிப்படியாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் தற்கொலை சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி உள்நாட்டுப் போர் நடந்தது, விலைவாசி ஏறியது, வேலையின்மையும் இருந்தது. அவற்றையெல்லாம் மீறி இது நடந்தது, நெல் விளைச்சலும் தடையால் குறையவில்லை. உயிரை விடும் எண்ணம் பெரும்பாலும் சில மணி நேரங்களில், சில நேரம் சில நிமிடங்களில், உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். அந்த நேரத்தைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை.

நம் பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. சென்னையில் 1986இல் தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டிய தனித்தனிப் பெட்டிகளில் வைக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள், உயிரிழப்பும் குறைந்தது. பெரிய செலவில்லாத இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு ஊராட்சியும் செய்யலாம். தடை விதிப்பதில் மாநில அரசின் கை கட்டப்பட்டிருக்கிறது: 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களுக்குத் தற்காலிகத் தடை விதிக்கும் அதிகாரத்தை மட்டுமே தருகிறது. தமிழ்நாடு ஆறு மருந்துகளை அறுபது நாட்களுக்குத் தடை செய்தது அதன்படிதான். நிரந்தரத் தடை டெல்லியிலிருந்து வர வேண்டும்.

மனநோய்தானே காரணம்? பொருளாதாரத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

மனச்சோர்வும் குடிநோயும் பெரிய காரணங்கள். சிகிச்சை பலன் தரும். ஆனால் வட்டி கட்ட வேண்டிய நாளில் மாத்திரை மட்டும் போதாது, கடனை முடித்துக் கொடுப்பதால் மட்டும் நீண்டநாள் மனச்சோர்வும் தீராது. ஒரு சாவுக்கு ஒரே காரணம் தேடுவதை விட்டால்தான் தடுக்க முடிந்த இடங்கள் கண்ணில் படும்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மீது வழக்கு வருமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்குவதற்குக் காரணமே இல்லை; அந்தத் தயக்கத்தில் போன நேரம் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. 108ஐ அழையுங்கள்.

வீட்டில் ஒருவரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. என்ன செய்வது?

நேரடியாகக் கேளுங்கள். 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா' என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு ஆறுதல். தூக்கம் கெடுவது, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது' என்ற பேச்சு, கொடுக்கல் வாங்கலைத் திடீரென முடித்து வைப்பது, குடி கூடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். புத்திமதியும் ஒப்பீடும் வேண்டாம். கடன்தான் பிரச்சினை என்றால், யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் சேர்ந்து எழுதுங்கள். தனியாகச் சுமந்த தொகை இரண்டு பேருக்குத் தெரிந்த தொகையாக மாறுவதே முதல் படி. வயல் மருந்தையும் மாத்திரைகளையும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள், அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 எண்ணில் குடும்பத்தாரும் பேசி ஆலோசனை கேட்கலாம்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் அந்தக் கடனைக் கட்ட வேண்டுமா?

இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு அளவுக்கு மட்டுமே வாரிசுகள் பொறுப்பு. சொத்து இல்லையென்றால், கூடக் கையெழுத்திட்டவரும் ஜாமீன் நின்றவரும் தவிர மற்ற வாரிசுகள் தங்கள் உழைப்பிலிருந்தோ நகையிலிருந்தோ கட்ட வேண்டியதில்லை. கருமாதி முடிவதற்குள் வீட்டு வாசலில் வந்து நின்று 'நீதான் கட்டணும்' என்று யாராவது வெற்றுத் தாளிலோ புதுப் பத்திரத்திலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். குழுக்கடனும் வங்கிக் கடனும் பல நேரங்களில் ஆயுள் காப்பீட்டோடு சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. கடன் அட்டையையும் இறப்புச் சான்றிதழையும் கொண்டுபோய், காப்பீடு பிடித்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்று எழுத்துமூலமாகக் கேளுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.